கரையான் எறும்பு இல்லை

அத்தியாயம் பதினொன்று

எம்.எஸ்ஸி மாமா கடைச் சுவரில் தொங்கிய தன் பட்டத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனதைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு நாலு வார்த்தை.

மாமா என்பது பேச்சுக்குத்தான், உறவெல்லாம் கிடையாது. பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி நடத்த வேண்டுமானால், உயிரியல் படித்த ஒருவர் முழு நேரமும் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. அப்பா பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். ஆகவே பட்டம் மாமாவுடையது, கடை அப்பாவுடையது. முழு நேரப் பொறுப்பாளர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து காபி குடித்து, பேப்பர் படித்து, “எல்லாரும் உசுரோட இருக்கீங்கல்ல?” என்று விசாரித்துவிட்டுப் போவார். இப்போது அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். அதுவும் லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் பார்த்து.

வீட்டில் இன்னொரு பட்டம் புத்தம் புதிதாக இருக்கிறது. சின்னவள் இப்போதுதான் உயிரியல் முடித்தாள். ஆனால் அவளுக்கு வேறு ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கரையானைப் பற்றிய ஆராய்ச்சி. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை. லைசென்ஸ் ஆய்வாளர் வருவதும் இன்றைக்குத்தான்.

போதும். மாடியில் சாப்பாட்டு மேஜையில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்கள்.

“இத்தனை வருஷமா கரையானைக் கொன்னுதான் உன்னை வளர்த்தேன்,” என்றார் அப்பா. “நீ அந்தக் கரையானை வளர்க்கப் போறேங்கற.”

“வளர்க்கப் போகலப்பா. ஆராய்ச்சி.”

“அதுக்கு சாப்பாடு போடுவீங்களா இல்லையா?”

“போடுவோம்.”

“அப்ப வளர்க்கறதுதான்.”

பெரியவன் சிரித்தான். அவனுக்கு அப்பா பேசினால் சிரிப்பு வரும், தங்கை பேசினால் கோபம் வரும். கடையை நடத்துவது இப்போது அவன்தான். ஆர்டர் பிடிப்பது, ஆட்களை விரட்டுவது, மருந்தறைச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடப்பது எல்லாம் அவன் இலாகா.

“ஏன்டி, உன்கூடப் படிச்சதுங்க எல்லாம் என்ன பண்ணுது?” என்று ஆரம்பித்தான். “ஒருத்தி பால் கம்பெனி லேப்ல உக்காந்து கிருமி எண்ணறா. ஒருத்தன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு டாக்டருங்க வாசல்ல மாத்திரை விக்க நிக்கறான். ஒருத்தி ரத்த டெஸ்ட் பண்ற இடத்துல நாள் பூரா ஊசி குத்தறா. அந்தக் கண்ணாடிக்காரி மறுபடியும் டீச்சருக்குப் படிக்கறா. உனக்கு மட்டும் ஆராய்ச்சி கேக்குதா?”

“அவங்க பட்டத்தை அவங்கதான் வெச்சிருக்காங்க. என்னுதைத்தான் அண்ணன் கேக்கறான்.”

“நான் கேக்கல. கம்பெனி கேக்குது.”

“உன் பட்டத்தை மாட்டிக்கோயேன்.”

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தது டங்கென்று கேட்டது. சொல்லியிருக்கக் கூடாது. பெரியவனும் இதே படிப்பில்தான் முதலில் சேர்ந்தான். முதல் வருஷம், தவளையை அறுக்கச் சொன்ன அன்றைக்கு, தவளைக்கு முன்னால் அவன் மல்லாந்தான். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டார்கள். அதற்கப்புறம் கல்லூரி வாசலையே மிதிக்கவில்லை. வீட்டில் அந்தத் தவளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

“நான் படிப்பை விட்டதாலதான் உனக்கு இன்னிக்கு சாப்பாடு வருது. அதை ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பேசு,” என்றான் பெரியவன். முகம் சிவந்துவிட்டது.

“போதும் ரெண்டு பேரும்!” அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார். “இதப் பாரு பாப்பா. ஆய்வாளர் வருவார். கேள்வி கேப்பார். ஒழுங்கா உக்காந்து பதில் சொல்ற. பட்டம் சுவத்துக்கு ஏறுது. கரையான் எல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம். அது எங்கயும் ஓடிப் போகாது.”

“இடம் ஓடிப் போயிடும்ப்பா.”

“போகட்டும்.”

அவ்வளவுதான். படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று.

சின்னவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. மூன்று வருஷமாக இதே கதைதான். உயிரியல் படிக்கிறேன் என்று சொன்னால் போதும், “ஐயோ, டாக்டர் சீட் கிடைக்கலையா?” என்று துக்கம் விசாரிக்கிறார்கள். கிடைக்காமல் அல்ல, இதைத்தான் கேட்டுச் சேர்ந்தாள். அதை யாரிடம் சொல்லி என்ன? பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு என்று இவளிடம் காட்ட வருவாள். சித்தப்பா, “முடிச்சிட்டு என்ன வேலை?” என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் டிவி பக்கம் திரும்பிவிடுவார். அந்தக் கேள்விக்கு அவள் தேடிப் பிடித்த பதில் ஒன்றே ஒன்று. அதையும் பிடுங்கிச் சுவரில் மாட்டுகிறேன் என்கிறார்கள்.

சமையலறையில் அம்மா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“என்ன பண்றதா உத்தேசம்?”

“ஒண்ணுமில்ல.”

“உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. சொல்லு.”

“தெரியாதுன்னு சொல்லப் போறேன்மா. அந்த ஆள் என்ன கேட்டாலும் தெரியாது. இவ லாயக்கில்லன்னு எழுதிட்டுப் போயிடுவார். அப்பா வேற பட்டதாரியைத் தேடிக்கட்டும். நான் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துடுவேன்.”

அம்மா திரும்பினாள்.

“உங்கப்பா மானம்?”

“என் வாழ்க்கை?”

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “சொல்லு, சொல்லு. ஆனா உனக்கு அந்த வார்த்தை வாயில வராதுடி,” என்றாள்.

ஆய்வாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அதுவே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தாமதமாக வருகிறவர்களிடம் அப்பாவுக்குப் பேசத் தெரியும்.

ஒல்லியான ஆள். காபி வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றார். உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார். கண்ணாடிப் பெட்டியில் வாடிக்கையாளர் பார்வைக்காக வைத்திருந்த செத்த கரப்பான்களையும், கரையான் தின்ற ஜன்னல் சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தார். பின்னாலிருந்த மருந்தறைக்குள் போய் மின்விசிறியைப் போட்டு அணைத்தார், மணல் வாளியைக் காலால் தட்டினார், கை கழுவும் குழாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

“மேல்நிலைத் தொட்டி இப்பதான் காலியாச்சு சார்,” என்றான் பெரியவன்.

“கண்ணுல மருந்து தெறிச்சா, தொட்டி நிரம்பற வரைக்கும் ஆளு காத்துக்கிட்டு இருப்பாரா?”

பெரியவன் குழாயைத் திருகி மூடினான்.

“பொறுப்பாளர் யாரு?”

“என் பொண்ணு சார்,” அப்பா முன்னால் வந்தார். “பயாலஜி. காலேஜ்லயே முதல்.”

“எல்லா அப்பாவும் அப்படித்தான் சொல்றாங்க. வந்து உக்காருங்கம்மா.”

சின்னவள் எதிரே உட்கார்ந்தாள். அப்பா உட்காரவில்லை. சுவரில் மாமாவின் பட்டம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வண்டி ஓட்டுகிறவர், வாசலில் நிலைமேல் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். மருந்து அடிப்பதும் அவர்தான்.

“வீட்டுல கரப்பானுக்கு ஜெல் மருந்து வெச்சிருக்கோம். அதே இடத்துல ஸ்ப்ரேயும் அடிக்கலாமா?”

“தெரியாது சார்.”

அப்பா கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

“சரி. குடோன்ல தானியத்துக்கு வண்டு சாக வில்லை போடறோமே. அதுலேர்ந்து வர்ற வாயுவை ஒருத்தர் சுவாசிச்சிட்டார். மாத்து மருந்து என்ன?”

“தெரியாது.”

“தெரியாதா, ஞாபகம் இல்லையா?”

“தெரியாது சார்.”

அவள் அப்பா பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். அந்த மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கண்ணாலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கண் இரண்டும் பிதுங்கிப் போய் நின்றார்.

“மருந்து அடிச்சிட்டு வந்த ஆளுக்கு வேர்த்துக் கொட்டுது, எச்சில் ஒழுகுது, கண்ணு பாப்பா கடுகு மாதிரி சுருங்கிப் போச்சு. முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“தெரி…”

“நான் சொல்றேன் சார்!” பெரியவன் குறுக்கே விழுந்தான். “பாலைக் குடுத்து வாந்தி எடுக்க வெக்கணும். நாங்க அப்படித்தான் பண்றோம்.”

வாசலில் வண்டிக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கே பண்ணியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

சின்னவளின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தன. தப்பு. ஆளையே கொன்றுவிடக்கூடிய தப்பு. துணியைக் கழற்று, சோப்பு போட்டுக் கழுவு, ஆஸ்பத்திரிக்கு ஓடு, அவர்களிடம் மாற்று மருந்து அட்ரோபின் இருக்கும். எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆய்வாளர் பேனாவை மூடினார்.

“மூணு வருஷம் என்னத்தைப் படிச்சீங்க? உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்களை முதல்ல கூப்பிட்டு விசாரிக்கணும்.”

அதையும் விழுங்கினாள். அவளுடைய ஆசிரியை கண்ணில் வந்து நின்றும் விழுங்கினாள்.

“டாக்டருக்குக் கிடைக்கலைன்னு வந்து உக்காந்துடறது. படிக்கறதும் இல்ல, விடறதும் இல்ல.”

விழுங்கினாள். இது பழக்கம்தான்.

ஆய்வாளர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் அந்தக் கரையான் தின்ற சட்டத்தைத் தட்டிப் பார்த்து, அப்பாவிடம் சாதாரணமாகச் சொன்னார். “இதுக்கெல்லாம் பெரிய படிப்பு எதுக்குங்க? கரையானும் எறும்பு சாதிதான். வெள்ளை எறும்பு, அவ்வளவுதான். எறும்புக்கு வெக்கற சர்க்கரைப் பொறியையே இதுக்கும் வெச்சா வேலை முடிஞ்சுது.”

“இல்ல,” என்றாள் சின்னவள்.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். அவளும்கூடத் தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டாள். ஆனால் அணை உடைந்தாயிற்று.

“கரையான் எறும்பு இல்ல சார். கரப்பான் குடும்பம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், கரையானுக்கு இடுப்பே கிடையாது. எறும்பு முட்டை, புழு, கூட்டுப்புழுன்னு மாறித்தான் பெருசாகும். கரையான் குஞ்சு பொறக்கும்போதே கரையான் மாதிரியே இருக்கும். எறும்புல ஆண் கூடினதும் செத்துடும், கரையான்ல ராஜா ராணியோடயே கடைசி வரைக்கும் இருக்கும். சர்க்கரையை வெச்சா அது திரும்பிக்கூடப் பாக்காது. அதுக்கு மரம் வேணும், காகிதம் வேணும். அதுல மருந்தைச் சேத்து வெச்சாத்தான் எடுத்துக்கிட்டுப் போய் எல்லாத்துக்கும் ஊட்டும். அப்புறம் ஜெல் வெச்ச இடத்துல ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, அடிச்சா கரப்பான் ஜெல் பக்கமே வராது. வாந்தி எடுக்க வெக்கறது மகா தப்பு, எடுத்தது நுரையீரலுக்குள்ள போயிடும். குடோன் வாயுவுக்கு மாத்து மருந்தே கிடையாது சார். கிடையவே கிடையாது! காத்தோட்டமான இடத்துக்குத் தூக்கிட்டுப் போகணும், ஆஸ்பத்திரியில சேக்கணும், பிழைக்கணும்னு இருந்தா பிழைப்பாங்க!”

மூச்சு வாங்கியது. அப்போதுதான் தான் எழுந்து நிற்பதே அவளுக்குத் தெரிந்தது.

ஆளைக் கொல்லும் தப்பைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டவள், போயும் போயும் எறும்பு விஷயத்தில் தோற்றாள். வெட்கக்கேடுதான். ஆனால் இந்தப் படிப்புப் படித்தவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். அவர்கள் முன்னால் திமிங்கிலத்தை மீன் என்று சொல்லிப் பாருங்கள், சாப்பிடுகிற கையோடு எழுந்து வருவார்கள்.

ஆய்வாளர் மறுபடியும் உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலியைத் துடைக்கவில்லை. முதல் முறையாகச் சிரித்தார்.

“எறும்பு இல்லன்னு எனக்கும் தெரியும்மா. நானும் இதே படிப்புதான்.”

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“தெரிஞ்சேதான் சொன்னீங்களா?”

“தெரியாதவங்க தெரியாதுன்னு சொல்லும்போது தரையைப் பாப்பாங்க. நீங்க நான் கேட்டு முடிக்கறதுக்குள்ளயே பதிலை வெச்சுக்கிட்டு என்னை முறைச்சீங்க. இந்த வியாதிக்கு என்ன வெச்சா வெளிய வரும்னு எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே வியாதிதான்.” அவர் பேனாவைத் திறந்தார். “தேள் ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசைப்பட்டேன். வீட்டுல அரசாங்க வேலைன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. இப்ப ஊர் ஊரா மணல் வாளியை உதைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“அப்ப உங்களுக்குத் தெரியுமே சார்! தெரிஞ்சும் ஏன் என்னை மாட்டி விடறீங்க?”

“நான் போற கடையில எல்லாம் பட்டம் சுவத்துல தொங்குது. ஆளு கிடையாது. ஒரு கடையிலயாவது ஆளு இருக்கட்டுமே.” சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். குரல் பழையபடி கடுகடுவென்று ஆகிவிட்டது. “லைசென்ஸ் புதுப்பிச்சாச்சு. இன்னிலேர்ந்து இவங்க சொல்லாம ஒரு சொட்டு மருந்து, ஒரு வில்லை இங்கேர்ந்து வெளிய போகக் கூடாது. இவங்க விலகினா லைசென்ஸும் அன்னிக்கே போச்சு. மருந்தறைச் சாவி யார்கிட்ட?”

பெரியவன் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவன் மாதிரி அதைத் தங்கை கையில் கொடுத்தான்.

ஆய்வாளர் போனதும் அப்பா மகளின் தலையில் கையை வைத்தார். அழுதுவிடுவார் போலிருந்தது.

“எனக்கு உசுரே போயிடுச்சு பாப்பா. முதல்ல தெரியாதுன்னு விளையாட்டுக் காட்டிட்டு அப்புறம் போட்டியே ஒரு போடு!”

விளையாட்டு என்றே அவர் நம்பிவிட்டார். அவள் கையைத் தட்டிவிட நினைத்தாள், முடியவில்லை. ஆய்வாளர் மேல் வந்த வெறுப்பு தன் மேலேயும் வந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்திருந்தால் போதும், அந்த ஆள் வாசலைத் தாண்டியிருப்பார். வராது என்று அம்மா சொன்ன வார்த்தையே வந்துவிட்டது, அதற்குமேல் வந்ததை அடக்கியிருக்க வேண்டாமா? கழுதை, கழுதை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மத்தியானம் வண்டியில் ஏணி ஏறியது. பெரிய தார்ப்பாய் ஏறியது. பெரியவன் உள்ளே வந்து, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

“சாவி.”

“எதுக்கு?”

“தானிய குடோன். வில்லை போடணும். அவங்கதான் நமக்குப் பெரிய பார்ட்டி. சீக்கிரம் குடு.”

“அந்த குடோன் எங்க இருக்கு?”

“எங்க இருந்தா உனக்கென்ன?”

“கேக்கறேன்ல?”

வண்டிக்காரர்தான் வாசலிலிருந்து சொன்னார். “தையல் கூடத்துக்கு ஒட்டினாப்பல இருக்கும்மா. நடுவுல ஒரே சுவருதான்.”

சின்னவள் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். காலையில் அவள் நின்றுகொண்டு கத்திய கத்தல் காதில் விழுந்தது. மாற்று மருந்தே கிடையாது. கிடையவே கிடையாது.

“அந்தத் தையல் கூடத்துல ஆளுங்க இருக்காங்களா?”

“இருப்பாங்க. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கச் சொல்லியிருக்கோம்.”

“சுவத்துல ஒரு விரிசல் இருந்தாக்கூட வாயு அந்தப் பக்கம் போயிடும்ண்ணா. குடோன் மூடியிருக்கற அத்தனை நாளும் அங்க ஒருத்தர்கூட இருக்கக் கூடாது.”

“அவங்களுக்கு ஆர்டர் இருக்கு. கடையை மூட மாட்டாங்க. குடோன்காரங்களுக்கு வண்டு விழுந்துடுச்சு. தள்ளிப் போட மாட்டாங்க. நீ உன் புத்தகத்தை மூடிட்டுச் சாவியைக் குடு.”

“இன்னிக்கு வேலை கிடையாது.”

“என்னது?”

“காது கேக்கலையா? இன்னிக்கு வில்லை வெளிய போகாது.”

சத்தம் கேட்டு அப்பா உள்ளறையிலிருந்து வந்தார். பின்னாலேயே அம்மா மாடிப்படியில் வந்து நின்றாள். பெரியவன் விஷயத்தைச் சொன்னான். சொன்னான் என்றால் கத்தினான்.

அப்பா முதலில் தன்மையாகத்தான் ஆரம்பித்தார். “பாப்பா, நான் எத்தனை குடோன் பாத்திருப்பேன்! இதுவரைக்கும் ஒருத்தருக்காவது ஏதாவது ஆயிருக்கா?”

“ஆயிருந்தா உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? தலை வலிக்குதுன்னு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பாங்க.”

“போன தடவை அந்தத் தையல் கூடத்துல ஒரு அம்மா வாந்தி எடுத்துது,” என்றார் வண்டிக்காரர்.

“அது வெயில்!” என்று பாய்ந்தான் பெரியவன்.

“அன்னிக்கு மழை தம்பி.”

அப்பா மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் காலையில் இருந்த ஈரம் போயே போய்விட்டது.

“இந்த வேலை போச்சுன்னா அந்தப் பார்ட்டி போயிடும். அது போச்சுன்னா அதைப் பாத்து இன்னும் நாலு பேர் போவாங்க. கடை நிக்காது. தெரியுதா?”

“தெரியுதுப்பா.”

“தெரிஞ்சும் சொல்றியா?”

“தெரிஞ்சதாலதான் சொல்றேன்.”

“நான் என்ன கேட்டேன் உன்னை?” அப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டது. “சுவத்துல மாட்ட ஒரு பட்டம் கேட்டேன். அவ்வளவுதானே கேட்டேன்? உன்னை யாரு கேட்டா? எனக்கு வேண்டியது உன் பட்டம்! நீ இல்ல!”

“என்னங்க!” என்றாள் அம்மா படியிலிருந்து.

“நீ சும்மா இரு! இவ எனக்கு உத்தரவு போடறா. நான் சம்பாதிச்சுப் படிக்க வெச்சு, என் கடையிலயே எனக்கு உத்தரவு போடறா.” அவர் மகளிடம் திரும்பினார். “இங்க பாரு. ஒண்ணு, வண்டி போகணும். இல்ல, நீ போகணும். உன் ஆராய்ச்சிக்குத்தானே போகணும்ன? போ! இன்னிக்கே கெளம்பு. நான் தடுக்கல. சாவியை மேஜை மேல வெச்சுட்டுப் போயிடு.”

“போனா லைசென்ஸ் போயிடும்ப்பா,” என்றான் பெரியவன் மெதுவாக.

“போகட்டும்டா! ஆய்வாளர் என்ன, குடோன் வாசல்ல வந்து படுத்துக்கப் போறாரா? மாமா இருந்தப்ப எப்படி ஓடிச்சோ அப்படி ஓடும்.”

சின்னவள் அசையாமல் நின்றாள்.

இந்த வார்த்தைக்காகத்தான் காலையிலிருந்து, இல்லை, ஒரு மாதமாக அவள் மன்றாடியிருக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் கெஞ்சியிருக்கிறாள், கத்தியிருக்கிறாள், பொய் சொல்லிப் பார்த்திருக்கிறாள். போ என்று அப்பா வாயால் ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தாள். கேட்டாயிற்று. பெட்டிகூடப் பாதி அடுக்கியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினால் திங்கட்கிழமை காலை அந்த நிலையத்தின் வாசல். அவளுக்கென்று ஒரு மேஜை, அவளைப் புரிந்துகொள்கிற நாலு பேர், அவள் ஆசைப்பட்ட ஒரே வேலை. மேஜை மேல் சாவியை வைத்துவிட்டு மாடிக்குப் போய்ப் பெட்டியை மூட வேண்டியதுதான் பாக்கி.

அவள் இதுவரை பார்த்தே இராத ஏதோ ஒரு தையல் கூடத்தில், இந்நேரம் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

“அப்பா.”

“என்ன?”

“நான் போனா வண்டி போகுமா?”

“போகும்.”

“அப்ப நான் போகல.”

சொல்லி முடிக்கும்போது அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. அழுதாள். அழுதுகொண்டே நாற்காலியை இழுத்து மருந்தறைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். அப்பா அவளை ஒரு எட்டு நெருங்கி, அங்கேயே நின்றுவிட்டார்.

பெரியவன்தான் முதலில் நகர்ந்தான். தெருவுக்கு இறங்கிப் போய் வண்டிமேல் சாய்ந்துகொண்டு போனை எடுத்தான். பேசுவது எதிரிக் கம்பெனிக்காரரிடம் என்பது அவன் முதல் வார்த்தையிலேயே உள்ளே எல்லோருக்கும் புரிந்தது.

“அண்ணே, ஒரு குடோன் இருக்கு. எங்களால இன்னிக்கு முடியல. உங்க லைசென்ஸ்ல பண்ணிக் குடுங்க. வில்லை உங்களுது, ஆளு நான் தர்றேன்.”

சின்னவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் மகன் இருந்தான். அப்பா அவனைக் கூப்பிடவில்லை.